வளைவைப் படிகளாகக் கண்டவர்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்வோர் 3500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறுகின்றனர். மலை சரிவானது, ஆனால் ஒவ்வொரு படியும் தட்டையானது. சரிவைத் தட்டையான சிறு பகுதிகளாகப் பிரித்ததால் ஏறுவது எளிதாயிற்று. இத்தகைய எண்ணத்தைக் கொண்டு இயற்பியலின் கடினமான கணக்கு ஒன்றை எளிதாக்கியவர் உருசிய அறிஞர் போரிஸ் டெர்யாகின்.

இவர் 1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். மிக நெருங்கிய இரு பரப்புகளுக்கு இடையே தோன்றும் விசைகளை ஆராய்வதே இவரது வாழ்நாள் பணியாயிற்று.

இணையான இரு தட்டைத் தகடுகளுக்கு இடையே இடைவெளி எங்கும் ஒன்றே. ஆதலால் கணக்கு எளிது. ஒரு கோளத்தைத் தகட்டின் அருகில் வைத்தால் இடைவெளி இடத்திற்கு இடம் மாறும். 1934இல் டெர்யாகின் இதற்கு வழி கண்டார். கோளத்தின் பரப்பைப் படிகள் போன்ற தட்டை வளையங்களாகக் கருதி, ஒவ்வொன்றின் பங்கையும் கூட்டினார். தட்டைப் பரப்புகளின் ஓரலகுப் பரப்பிற்குரிய ஆற்றலைக் கோளத்தின் ஆரத்தாலும் 2π-ஆலும் பெருக்கினால் விசை கிடைத்துவிடும். இது தோராயமே. ஆரத்தைவிட இடைவெளி மிகச் சிறியதாக இருந்தால்தான் இது பொருந்தும்.

இரு தகடுகளை நுண்ணிய இடைவெளியில் இணையாக நிறுத்துவது அரிது. ஆகவே 1950களில் டெர்யாகினும் அப்ரிகோசோவா என்னும் பெண் அறிஞரும் வில்லைக்கும் தகட்டிற்கும் இடையிலான ஈர்ப்பை அளந்தனர். கணக்கிட இவ்விதியே துணைநின்றது.

1960களில் கண்ணாடி நுண்குழாய்களில் புதுவகை நீர் உருவாவதாக டெர்யாகின் நம்பினார். உலகமே வியந்தது. ஆனால் நீரில் கலந்த மாசுகளே அம்மாற்றத்திற்குக் காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. 1973இல் தம் முடிவு தவறு என்பதை அவரே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

1994இல் அவர் மறைந்தார். 1997இல் அமெரிக்க அறிஞர் லாமோரோ, கசிமிர் விசையை அளந்தபோதும் வளைந்த பரப்பையும் தட்டைப் பரப்பையும் கொண்டு, இத்தோராய முறையையே பயன்படுத்தினார். தம் கணக்கின் எல்லையைக் கூறியதும், தம் பிழையை ஏற்றதும் டெர்யாகினின் நேர்மைக்குச் சான்றுகளாகும்.

சொற்பொருள்
தோராயம் – ஏறக்குறைய உள்ள மதிப்பு
வில்லை – லென்சு
அரிது – கடினம்

வினாக்கள்
1. டெர்யாகின் கோளத்தின் பரப்பை எவ்வாறு கருதினார்?
2. அவரது விதி எப்போது பொருந்தும்?
3. தவற்றை ஏற்பது அறிவியலுக்கு எவ்வாறு உதவுகிறது? ஐந்து வரிகளில் எழுதுக.