போர் விழுங்கிய ஆட்டப் பருவம்: கௌஸ் முஹம்மத்தின் வாழ்வு

விம்பிள்டன் டென்னிஸ் போட்டிகளின் ஆண்கள் ஒற்றையர் பிரிவில் காலிறுதி வரை முன்னேறிய இந்தியர்கள் மிகச் சிலரே. கௌஸ் முஹம்மத், இராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் என்று நான்கு பெயர்களோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது. பின்னைய மூவரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களைத் தமிழ் வாசகர்கள் நன்கறிவர். முதலாமவரோ வட இந்தியாவின் சிறு பட்டினமொன்றில் பிறந்த முஸ்லிம் இளைஞர். மூன்று தமிழர்கள் பின்னர் நடந்து சென்ற பாதையில் முதன்முதலாகக் கால் பதித்தவர் அவரே. அவரை நினைவுகூர இது ஒன்றே போதிய காரணமாகும். ஆயினும் போரின் நிழலில் தலைமுறைகளை வளர்த்த எமது மண்ணுக்கு அவரது வாழ்வில் இன்னொரு பாடமும் உண்டு.

கௌஸ் முஹம்மத் கான் 1915 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் திகதி, லக்னோவுக்கு அண்மையிலுள்ள மலிஹாபாத் என்னும் ஊரில் பிறந்தார். மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. பட்டாணியர் வழிவந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்து வந்தன. அவர் பிறந்த வேளையில் முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவரது ஆட்டத்தின் உச்சத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. சர் செய்யத் அஹ்மத் கானின் முயற்சியால் 1875 இல் தொடங்கி, 1920 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களுள் அவரும் ஒருவர். கல்வியோடு விளையாட்டையும் மாணவரின் ஒழுக்கப் பயிற்சியாகக் கருதிய நிறுவனம் அது.

அக்காலத்து இந்தியாவில் டென்னிஸ் பொதுமக்களின் விளையாட்டாக இருக்கவில்லை. ஆங்கிலேய அதிகாரிகளோடு வந்த அந்த ஆட்டம், அவர்களது கழகங்களின் வேலிகளுக்குள்ளேயே நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது. பல கழகங்களில் இந்தியருக்கு உறுப்புரிமையே இல்லை. கல்லூரிகளும் சமஸ்தானங்களுமே இந்திய இளைஞர்களுக்கு வாய்ப்பளித்தன. அத்தகைய சூழலிலும் 1921 இல் இந்தியா டேவிஸ் கிண்ணப் போட்டியில் முதன்முறையாகப் பங்குபற்றிப் பிரான்ஸை வென்றது. லாகூர் வழக்கறிஞர் முஹம்மத் சலீம், அத்தர் அலி பைஸி ஆகியோர் அந்த அணியில் இடம்பெற்றிருந்தனர். கௌஸ் முஹம்மத் மட்டையைக் கையில் எடுத்தபோது அவருக்கு முன்னோடிகள் இருந்தார்கள். விம்பிள்டனின் இறுதி எட்டுப் பேருள் ஒருவராகும் பெருமை மட்டும் எஞ்சியிருந்தது.

அன்றைய டென்னிஸ் வீரரின் நிலையை இன்றைய இளம் வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். இன்று ஓர் இளைஞர் பதினேழு, பதினெட்டு வயதிலேயே தொழில்முறை வீரராகலாம். பரிசுப் பணம், தரவரிசை, பயிற்றுநர், விளம்பர ஒப்பந்தம் என்பன அவரது பாதையில் வரிசையாகக் காத்திருக்கும். 1968 ஆம் ஆண்டுக்கு முன்னர் விம்பிள்டனில் தொழில்முறை வீரர்களுக்கு இடமில்லை. பணத்துக்காக ஆடுவதாக அறிவித்தவருக்குப் பெரும் போட்டிகளின் கதவுகள் மூடப்பட்டன. அமெச்சூர் என்று அழைக்கப்பட்டவர்களே அங்கு ஆடலாம். வெற்றி பெற்றால் கிண்ணமும் கைதட்டலுமே கிடைக்கும். இந்தியாவிலிருந்து செல்பவர் வாரக்கணக்கில் கப்பலில் பயணம் செய்யவேண்டும். செலவைச் சொந்தக் குடும்பமோ புரவலரோ ஏற்கவேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் விம்பிள்டன் செல்வது எந்த இந்திய இளைஞருக்கும் உறுதியான காரியமாக இருக்கவில்லை. ஒரு பயணம் தவறினால் ஓர் ஆண்டே தவறியதாகும்.

1939 ஆம் ஆண்டுக் கோடையில் கௌஸ் முஹம்மத் விம்பிள்டன் புற்றரையில் இறங்கியபோது அவருக்கு வயது 23. சுற்றுக்குச் சுற்று முன்னேறி அவர் காலிறுதியை அடைந்தார். அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியர் என்று விளையாட்டு வரலாறு அவரைப் பதிந்துகொண்டது. காலிறுதியில் அவருக்கு எதிரே நின்றவர் அமெரிக்காவின் பொபி ரிக்ஸ். கௌஸ் நேர் செட்களில் தோல்வியுற்றார். அந்தத் தோல்வியில் இழுக்கு எதுவும் இல்லை. 21 வயதான ரிக்ஸ் அவ்வாண்டு ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய மூன்று பட்டங்களையும் தாமே வென்றார். அடிமை நாடொன்றின் இளைஞர், ஆளும் நாட்டின் தலைநகரில், உலகின் தலைசிறந்த எட்டு வீரர்களுள் ஒருவராக நின்றார் என்பதே அன்றைய செய்தியின் பொருள். இருபத்து மூன்று வயது என்பது டென்னிஸ் வீரர் ஒருவர் தமது முழு ஆற்றலை நோக்கி ஏறும் வயது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவருக்கு உரியவை என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் அந்த அடுத்த ஆண்டு வரவேயில்லை. 1939 செப்டெம்பர் 3 ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனி மீது போர் தொடுத்தது. இந்தியத் தலைவர்களிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு இந்தியாவையும் போரில் இணைத்தார். விம்பிள்டன் மைதானம் தற்காப்புப் பணிகளுக்குரிய இடமாயிற்று. அங்கு பன்றிகளும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. 1940 ஒக்டோபரில் மத்திய ஆடுகளத்தின் மீது குண்டு வீழ்ந்து, சுமார் 1,200 ஆசனங்கள் நாசமாயின. போர் எமது தீவையும் விட்டுவைக்கவில்லை. 1942 ஏப்பிரலில் கொழும்பும் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. மலாயா யப்பானியர் வசமான பின்னர் இலங்கையின் இறப்பர் நேச நாடுகளின் போர்த் தேவைக்கு இன்றியமையாததாயிற்று. பந்து செய்யவேண்டிய இறப்பரும் பந்தடிக்கவேண்டிய இளைஞரும் ஒருங்கே போருக்குப் போயினர். 1940 முதல் 1945 வரை ஆறு ஆண்டுகள் விம்பிள்டன் நடைபெறவில்லை.

கௌஸ் முஹம்மத்தின் காலத்தில் ஆடியோர் என்ன ஆயினர் என்பதையும் நாம் நோக்கவேண்டும். 1939 இல் அரையிறுதி வரை வந்த ஜேர்மனியின் ஹென்னர் ஹென்கல், 1943 ஜனவரியில் ரஷ்யப் போர்முனையில் மாண்டார். 1943 இல் அமெரிக்கச் சம்பியனான ஜோ ஹண்ட் 1945 இல் விமான விபத்தில் இறந்தார். பொபி ரிக்ஸ் 1941 இன் இறுதியில் தொழில்முறை வீரராகிப் பின்னர் கடற்படையில் சேர்ந்தார். விதிவிலக்கும் உண்டு. ஜேர்மனியரிடம் போர்க் கைதியாக இருந்து மீண்ட பிரான்ஸின் இவான் பெத்ரா, 1946 இல் விம்பிள்டன் மீண்டும் தொடங்கியபோது பட்டத்தை வென்றார். அவர் கௌஸ் முஹம்மத்தை விடச் சில மாதங்களே இளையவர். போர் முடிந்த பின்னர் இழந்த பருவம் ஒரு சிலருக்குத் திரும்பக் கிடைப்பதுண்டு. பெரும்பாலோருக்கு அது கிடைப்பதில்லை. கௌஸ் அந்தப் பெரும்பாலோருள் ஒருவர். 1939 இன் உயரத்தை அவர் மீண்டும் எட்டவில்லை.

போர் முடிந்த ஆண்டிலேயே அவர் முப்பது வயதைத் தொட்டார். இரண்டே ஆண்டுகளில் நாடு சுதந்திரம் பெற்று, அதே வேளையில் இரண்டாகப் பிளந்தது. இலட்சக்கணக்கான இந்துக்களும் சீக்கியரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டு எல்லை கடந்தனர். மலிஹாபாத்தின் மைந்தர் இந்தியாவிலேயே நிலைத்தார். 1971 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. விம்பிள்டன் காலிறுதிக்கும் இந்தக் கௌரவத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1982 இல் அவர் காலமானார்.

கௌஸ் காலிறுதியில் ஆடிய கோடையில், நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் இரண்டு வயதுக் குழந்தை. தேசிய மட்டத்தில் ஆடிய தந்தை டி.கே. இராமநாதன், மகனைத் தென்காசியில் பயிற்றுவித்தார். மகன் 1954 இல் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தை வென்றார். 1959 இல் தொழில்முறை வீரராகுமாறு ஒன்றரை இலட்சம் டொலர் தருவதாக வந்த அழைப்பை மறுத்து, 1960 இலும் 1961 இலும் அரையிறுதி வரை சென்றார். கௌஸ் தொட்ட படியை இன்னோர் இந்தியர் தொடுவதற்கு 21 ஆண்டுகள் ஆயின என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பின்னர் 1973 இலும் 1981 இலும் விஜய் அமிர்தராஜும், 1986 இல் ரமேஷ் கிருஷ்ணனும் காலிறுதியில் ஆடினர். ஒரு முஸ்லிம் இளைஞர் திறந்த வாசலால் மூன்று தமிழர்கள் உள்ளே சென்றனர். இனத்தையும் மதத்தையும் முன்னிறுத்திக் கணக்குப் பார்ப்போர் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

வாசல் திறப்பதன் பெறுமதியை உடுவில் மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென அங்கு தொடங்கிய விடுதிப் பாடசாலை எத்தனை தலைமுறைகளின் வாழ்வை மாற்றியது என்பதை ஊரே அறியும். வாசல் அடைபடுவதன் வலியும் அந்த ஊருக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி உடுவில் உட்பட வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990 இன் அதே ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவின் சிறுவர்கள் புத்தளத்து அகதிக் கொட்டில்களில் வளர்ந்தனர். வலிகாமத்துச் சிறுவர்களின் மைதானங்கள் பல அகதி முகாம்களாகவும் படை முகாம்களாகவும் மாறின. அந்தச் சிறுவர்களுள் எத்தனை கௌஸ்கள், எத்தனை கிருஷ்ணன்கள் இருந்தனர் என்பதை இனி எவராலும் கணக்கிட முடியாது.

போரில் இறந்தோரையும் காணாமற்போனோரையும் நாம் எண்ணுகிறோம், எண்ணவும் வேண்டும். உயிர் தப்பியோர் இழந்த ஆண்டுகளை எவரும் எண்ணுவதில்லை. வீட்டைத் திருப்பிக் கட்டலாம், காணியை மீட்கலாம். இருபத்து மூன்று வயதைத் திருப்பிக் கொடுக்கும் நீதிமன்றம் எங்கும் இல்லை. ஆகவே இன்று பதினைந்து வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கே நாம் கடன்பட்டிருக்கிறோம். சோனகத் தெருப் பிள்ளையும் உடுவில் பிள்ளையும் ஒரே சுற்றுப்போட்டியில் எதிரெதிராக நின்று ஆடி, ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிப் பிரியும் நிலை வழமையாகவேண்டும். அதற்குப் பெரும் நிதியோ பேச்சுவார்த்தை மேசையோ வேண்டியதில்லை. பாடசாலை அதிபர்களும் பெற்றோரும் பள்ளிவாசல், கோயில், தேவாலயப் பரிபாலனத்தினரும் மனம் வைத்தால், வருகின்ற விடுமுறையிலேயே அதைத் தொடங்கலாம்.