ஃபாஸ்டோ கோப்பி: கறிக்கடைப் பையன் ஏறிய மலைகள்

சத்தியிலிருந்து மைசூர் பஸ்ஸில் போயிருந்தால் உங்களுக்குத் திம்பம் தெரியும். பண்ணாரி தாண்டியதும் 27 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் கியரைக் குறைக்கும்போது இன்ஜின் உறுமுற சத்தத்திலேயே மலை எவ்வளவு கனம்னு புரியும். அந்த இன்ஜின் இடத்துல உங்க ரெண்டு காலை மட்டும் வச்சுப் பாருங்க. அப்படி மலை ஏறியே பேர் வாங்கினவர்தான் ஃபாஸ்டோ கோப்பி.

போன வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள் வாங்கினேன். கியர் லீவர் ஹேண்டில்பாரில் கிடையாது, கீழே ஃப்ரேமில் இருக்கும். ஏத்தத்துல ஒரு கையை எடுத்து, செயின் சத்தத்தைக் கேட்டு மாத்தணும். இதை வச்சு எப்படி மலை ஏறினாங்கனு தேடினப்போதான் கோப்பி கிடைத்தார்.

இத்தாலியின் வடக்கில் காஸ்டெல்லானியா என்ற சின்ன மலைக்கிராமம். 1919 செப்டம்பர் 15 அன்று அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் மனசு ஒட்டல. பக்கத்து ஊரான நோவி லிகுரேவில் கறிக்கடை வேலைக்குச் சேர்ந்தார். சைக்கிளில் வீடு வீடாகக் கறி கொண்டுபோய்க் கொடுக்கணும். ஊரைச் சுத்தி எல்லாமே மேடு பள்ளம். அந்த வேலைதான் அவருக்கு முதல் டிரெய்னிங்.

அதே ஊரில் பியாஜியோ கவான்னா என்ற மசாஜ் நிபுணர் இருந்தார். கண் பார்வை இல்லாதவர். தசையைத் தொட்டே ஆளைக் கணிப்பார். என்ன சாப்பிடணும், எப்படிப் பயிற்சி செய்யணும்னு கோப்பியை வளர்த்தது அவர்தான்.

நம்ம பாடம் இங்கே உதவும். சமதளத்தில் வேகமாகப் போனால் காத்துதான் எதிரி. செங்குத்தான ஏத்தத்தில் வேகம் குறைஞ்சிடும், அதனால காத்து பெருசில்ல. உடம்பையும் சைக்கிளையும் மேலே தூக்கறதுக்குத்தான் பவர் போகும். அதனால கிலோவுக்கு எத்தனை வாட் என்பதுதான் கணக்கு. ஒல்லி உடம்பு, நீளமான கால் கொண்ட கோப்பிக்கு இந்தக் கணக்கு ஒத்துப் போச்சு.

1940இல் பெரிய நட்சத்திரமான ஜீனோ பார்த்தாலிக்கு உதவி செய்யத்தான் அவரை டீமில் எடுத்தார்கள். பார்த்தாலி விழுந்து அடிபட, 20 வயசு கோப்பி இத்தாலியைச் சுற்றும் ஜிரோ பந்தயத்தையே ஜெயிச்சுட்டார். ஜூன் 9 பந்தயம் முடிஞ்சது. ஜூன் 10 இத்தாலி உலகப் போரில் இறங்கியது.

1942இல் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலக சாதனை. அடுத்த வருஷமே சிப்பாயாக வட ஆப்பிரிக்கா. அங்கே துனிசியாவில் பிரிட்டிஷ் படை அவரைப் பிடித்தது. அந்தப் போரில் அவர்களோடு நம்ம இந்தியச் சிப்பாய்களும் இருந்தாங்க. விளையாட்டு வீரனுக்கு 23லிருந்து 25 என்ன வயசுன்னு சொல்லத் தேவையில்லை. அது அவருக்குக் கைதியாகப் போனது.

திரும்பி வந்து 1946இல் மிலான் - சான் ரெமோ பந்தயம். இரண்டாவதாக வந்தவர் 14 நிமிஷம் கழிச்சுத்தான் வந்தார்!

1949 ஜிரோவில் கூனியோவிலிருந்து பினரோலோ வரை 254 கிலோமீட்டர், நடுவில் ஐந்து மலைக் கணவாய்கள். முதல் கணவாயிலேயே கோப்பி எல்லாரையும் விட்டுட்டுக் கிளம்பினார். 192 கிலோமீட்டர் தனியாக. பார்த்தாலி கிட்டத்தட்ட 12 நிமிஷம் பின்னால். அதே வருஷம் டூர் டி பிரான்ஸும் ஜெயித்தார். ஒரே வருஷத்தில் ரெண்டையும் ஜெயிச்ச முதல் ஆள் அவர்தான்.

அவரைச் சாமியாக்க வேண்டாம். ஊக்க மருந்து எடுத்ததை அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார்; அந்தக் காலத்தில் தடை இல்லை என்பதும் உண்மை. அடியும் நிறையப் பட்டார். 1950இல் இடுப்பெலும்பு முறிந்தது. 1951இல் பந்தயத்தில் விழுந்த தம்பி செர்ஸே இறந்துபோனார். அதற்கு அடுத்த வருஷம், 1952இல், மறுபடியும் ஜிரோவும் டூரும் அவருக்கே.

1959 கடைசியில் இன்றைய புர்கினா ஃபாசோவுக்குப் போய்வந்தார். கூடப் போன பிரெஞ்சு வீரர் ஜெமினியானிக்கும் அவருக்கும் காய்ச்சல். ஜெமினியானிக்கு மலேரியா என்று பிரான்சில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள், பிழைத்தார். இத்தாலியில் கோப்பிக்கு வேற நோய் என்று நினைத்துவிட்டார்கள். 1960 ஜனவரி 2, நாற்பது வயசில் போய்விட்டார். காய்ச்சல்னு போனாலே நம்ம ஊர்ல முதல்ல ரத்தம் எடுப்பாங்க. அதை நினைச்சா மனசு ஆறல.

கொரோனாவில் நமக்கும் ரெண்டு வருஷம் ஸ்கிரீன்லயே போச்சு. எனக்கு இன்னும் வேலை கிடைக்கல. போன வருஷங்களை எண்ணிட்டே இருந்தா ஏத்தம் குறையாது. கோப்பிக்கும் யாரும் அந்த வருஷங்களைத் திருப்பித் தரல.

திம்பத்துல சைக்கிள் ஓட்டச் சொல்லமாட்டேன். அது புலிகள் காப்பகம், யானை குறுக்கே வரும். உங்க ஊர்ல இருக்கிற சின்ன ஏத்தம் போதும். லேசான கியர்ல, மூச்சு வாங்காம பேச முடியற வேகத்துல ஏறுங்க. வாராவாரம் அதே ஏத்தத்துக்குப் போங்க. முதல் மாசம் நான் பாதியிலேயே இறங்கித் தள்ளினேன். இப்போ தள்ளறதில்லை.