ராமன்குட்டி பாஸ்டர் பால் ஆன வரலாறு

(இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

துறவு என்றதும் நம் நினைவுக்கு வருவது காவியுடை. வள்ளுவப் பெருந்தகை துறவுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். மாதவி மகள் மணிமேகலை இளமையிலேயே துறவு பூண்டாள். இவற்றையெல்லாம் படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்ற எனக்கு, என் சொந்த வீட்டில் நிகழ்ந்த ஒரு துறவு மட்டும் நெடுநாள் விளங்கவில்லை.

என் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் காலை அவர் தம் சங்கிலியையும் வளையல்களையும் கழற்றி ஆயாவின் கையில் வைத்தார். வெள்ளைப் புடவை உடுத்தி, வெளியூரிலிருந்த ஒரு பெந்தெகொஸ்தே விசுவாச வீட்டிற்கு ஊழியம் செய்யப் புறப்பட்டுவிட்டார். தலைமுறை தலைமுறையாகச் சம்பா கோயில் பூசைக்குச் செல்லும் குடும்பம் எங்களுடையது. ஆயா அழுதார். அப்பாவோ, நேற்று அமெரிக்காவில் முளைத்த மதத்துக்காகத் தங்கை வீட்டை விட்டுப் போனாள் என்று சொல்லி, அதன்பின் அத்தையின் பெயரையே எடுக்கவில்லை. அப்பா சொன்னது மெய்தானா என்று அறியும் ஆவலே இக்கட்டுரைக்கு வித்து. அதைத் தேடிச் சென்றபோது நான் கண்டவர்தாம் கொழும்பு நகரின் பாஸ்டர் பால்.

இவருடைய இயற்பெயர் ராமன்குட்டி. இன்றைய கேரளத்தின் திருச்சூர் மாவட்டப் பகுதியில், இந்துக் குடும்பம் ஒன்றில் 1881ஆம் ஆண்டில் பிறந்தார். பதினான்கு வயதில் பிழைப்புத் தேடி இலங்கைக்குச் சென்றார். மலையாளக் கரையிலிருந்து கொழும்புக்குக் கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பலர் சென்ற காலம் அது. அங்கே அசரப்பா என்னும் கிறிஸ்தவ மருத்துவரின் வீட்டில் அவர் பணியாளரானார். அந்த வீட்டில்தான் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஏறத்தாழப் பதினெட்டு வயதில் கிறிஸ்தவரானார். பால் என்ற பெயரையும் ஏற்றார். பின்னர் ஆங்கிலிக்க மிஷன் ஒன்றில் உபதேசியாராகப் பணியாற்றினார்.

இங்கே சற்று நின்று உலகைப் பார்ப்போம். ஏசுநாதரின் உயிர்ப்புக்குப்பின் ஐம்பதாம் நாளில் சீடர்கள்மீது தூய ஆவி இறங்கியதாக விவிலியம் கூறுகிறது. ஐம்பதாவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே பெந்தெகொஸ்தே. அந்த அனுபவம் இன்றும் கிட்டும் என்பதே இச்சபைகளின் அடிப்படை நம்பிக்கை. 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அசூசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களிலிருந்தே இவ்வியக்கம் உலகெங்கும் பரவியதாகப் பொதுவாக எழுதுவர். அந்த அளவில் அப்பா சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, 1905இல், மராட்டிய நாட்டில் பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்துப் பெண்களிடையே இத்தகைய எழுப்புதல் நிகழ்ந்துவிட்டது. அதற்கும் நெடுங்காலம் முன்னர், 1860இல், வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்டியான்பேட்டையில் அருளப்பன் என்ற தமிழர் நடத்திய கூட்டங்களிலும் இவையே காணப்பட்டன. ஆகவே இந்நெருப்பு ஓர் அடுப்பில் மட்டும் மூண்டதன்று.

கொழும்பிலும் அது வந்து சேர்ந்தது. டென்மார்க்கு நாட்டில் நடிகையாக இருந்து ஊழியத்துக்கு வந்த அன்னா லெவினி போன்ற அயல்நாட்டார் அங்கே பெந்தெகொஸ்தே செய்தியை அறிவித்தனர். பால் அவர்கள் கீழ் ஊதியம் பெறும் உபதேசியாராகச் சேரவில்லை. ஆல்வின் டி ஆல்விஸ் என்ற இலங்கையரும் அவருடன் இணைந்தார். 1923, 1924ஆம் ஆண்டுகளில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் உருவெடுத்தது.

அச்சபையின் வாழ்முறை தனித்தன்மை வாய்ந்தது. ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆண்களும் பெண்களும் திருமணத்தைத் துறந்து, உடைமைகளைப் பொதுவாக்கி, விசுவாச வீடுகளில் வாழ்வர். உடை வெள்ளை; நகை இல்லை. வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து வழிபடுவர். மேல்நாட்டு மிஷன்களின் பங்களாவையும் நாற்காலியையும் பார்த்துப் பழகிய மக்களுக்கு இது புதுமை. ஆசிரமங்களை அறிந்த மக்களுக்கோ பழகிய ஒன்று. நான் இதில் காண்பது நம் மண்ணின் துறவு நெறியையே.

1930களில் கொழும்பில் வேலையின்மை பெருகியபோது, மலையாளத் தொழிலாளரை வெளியேற்ற வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க கிளர்ச்சி நடத்தினார். அதே பத்தாண்டில் அதே நகரில், வீட்டு வேலைக்கு வந்த மலையாளி ஒருவரைச் சிங்களரும் தமிழரும் தம் மேய்ப்பராக ஏற்றுக்கொண்டிருந்தனர். இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி இதுவே.

அவர் பணி கடல் கடந்து தமிழகத்திலும் கேரளத்திலும் பரவியது. வெள்ளைக்கார மிஷனரியின் தலைமையிலிருந்து விலகிய கே. ஈ. ஆபிரகாம் 1930இல் பாஸ்டர் பாலின் கையாலேயே குருத்துவ அபிஷேகம் பெற்றார். பின்னாளில் இந்தியப் பெந்தெகொஸ்தே சபையை வளர்த்தவர் இவரே. பாஸ்டர் பால் 1945இல் மறைந்தார். ஆல்வின் தலைமையேற்றார். 1984இல் அச்சபை தி பெந்தெகொஸ்தே மிஷன் எனப் பெயர் மாறியது. அதன் தலைமையகம் இன்று சென்னையில் உள்ளது.

குறையையும் கூறுவதே வரலாற்று மாணவர் கடமை. நோய்க்கு மருந்து உண்ணலாகாது, செபம் ஒன்றே போதும் என்பது அவர் சபையின் போதனை. மருத்துவர் வீட்டுச் சோற்றை உண்டு வளர்ந்தவரின் சபை மருந்தை மறுத்தது எனக்கு விளங்காத புதிர். ஜிப்மர் மருத்துவமனை வாசலில் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கும் ஏழைகளைப் பார்த்து வளர்ந்த நான் இதை ஏற்க இயலாது. ஆனால் ஒரு கொள்கையை ஏற்காததும், அதற்காக ஒரு மனிதரை வீட்டிலிருந்து விலக்குவதும் வேறுவேறு அல்லவா?

இவற்றையெல்லாம் ஒரு மாலை அப்பாவிடம் சொன்னேன். அருளப்பன் கதையை இரண்டு முறை கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, உன் அத்தைக்கு இரத்தக் கொதிப்பு இருந்ததே, இப்போது எப்படி இருக்கிறாளாம் என்று ஆயாவிடம் விசாரித்தார். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது.

அந்த நகைகளை ஆயா இன்றும் விற்காமல் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறார். அடுத்த முறை அத்தை வரும்போது அவருக்கு நாற்காலி போடப்போவதில்லை. நானும் அவரருகே தரையில் அமர்ந்து, அவர் கதையை அவர் வாயாலேயே கேட்கப்போகிறேன்.