தமிழ் மருத்துவம் வளர்த்த கிறீன்

முத்துக்குளிப்பால் புகழ்பெற்ற மன்னார்க் கரையில் ஆசிரியத் தொழில் புரிபவன் யான். கடலில் மூழ்குங்கால் செவி நோவது ஏன் என்று மாணவன் ஒருவன் ஒருநாள் வினவினான். ஏறத்தாழ 33 அடி ஆழத்தில் உடலைத் தாக்கும் அழுத்தம் இருமடங்காகும். மூக்கின் பின்புறத்தை நடுச்செவியோடு இணைக்கும் குழல் சளியால் அடைபட்டிருப்பின், செவிப்பறை உள்வளைந்து நோகும். கிழிதலும் உண்டு என்றேன். இவ்விளக்கத்துக்குப் பிறமொழிச் சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அப்பொழுது என் நினைவில் எழுந்தவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அவர் 1822இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தார். 1847இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் நோயாளருக்கு மருந்தளித்ததோடு மாணாக்கருக்கு மேனாட்டு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலமே பயிற்று மொழி. அதனைக் கற்றோர் பலர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகன்றனர். ஊரவர் பிணி தீர்ப்போர் ஊர்மொழியில் கற்றலே தக்கது எனத் தெளிந்த கிறீன், 1862இல் மீண்டும் வந்தபின் தமிழிலேயே கற்பிக்கலானார். பாடநூல் இல்லாக் குறையையும் தாமே நீக்க முற்பட்டார். 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வெளிவந்தன.

1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ்ப்பணியை அவர் கைவிட்டிலர். 1884இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்க விரும்பினார்.

அறிவியலுக்குத் தமிழ் போதாது என்போர் இன்றும் உளர். அந்நியர் ஒருவரின் வாழ்வே அவர்க்கு விடை.