கொங்கு மண்ணிலிருந்து பூமியை அளந்தவர்

உங்கள் வீட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், இரண்டு இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒத்த கோணங்கள் சமம் என்று மனப்பாடம் செய்துவிட்டு, இதனால் என்ன பயன் என்று கேட்பார்கள். அப்போது வில்லியம் லாம்டன் கதையைச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தோடு அமெரிக்கா போய், 1781-ல் யார்க்டவுனில் கைதியானார். சூரிய கிரகணத்தைப் பார்த்ததில் ஒரு கண் பழுதானது. 1799-ல் திப்புவுக்கு எதிரான போரில், இரவில் படை எதிரியை நோக்கியே நடப்பதை நட்சத்திரங்களைப் பார்த்துச் சொன்னார். தளபதி முதலில் நம்பவில்லை!

1802-ல் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோணம் அளந்தபடி நகர்ந்து, 1806-ல் அன்றைய கோயம்புத்தூர் ஜில்லாவிலும் ஓர் அடிக்கோடு அளந்தார். அவருடைய ஏட்டில் 'புட்சபொல்லியம்' என்றிருக்கும் ஊர் பச்சாபாளையமாகத்தான் இருக்க வேண்டும்.

வரைபடம் மட்டுமல்ல, பூமியின் வளைவும் அவருக்கு வேண்டியிருந்தது. இனி ஒரு தாளில் வரைந்துகொண்டே படியுங்கள். நட்சத்திரம் வெகு தொலைவில் இருப்பதால், அதன் ஒளி நம் ஊருக்கும் குமரிப் பக்கத்துப் புன்னைக்கும் இணைகோடுகளாக வருகிறது. இரண்டு ஊரிலும் தூக்குக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். நூல்களைக் கற்பனையில் கீழே நீட்டினால் ஏறக்குறைய பூமியின் நடுவில் சந்திக்கும். அந்தப் புள்ளி வழியாகவும் ஒளிக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். இப்போது ஒவ்வொரு நூலும் ஒரு குறுக்குவெட்டி. மேலே நூலுக்கும் ஒளிக்கும் உள்ள கோணமே, ஒத்த கோணமாகக் கீழேயும் இருக்கும். ஆக, நட்சத்திரம் இரு ஊருக்கும் வடக்கே இருந்தால், இரு ஊர்க் கோணங்களின் வித்தியாசமே பூமியின் நடுவில் அமையும் கோணம். பூமிக்குள் யாரும் இறங்க வேண்டியதில்லை.

லாம்டனுக்குக் கிடைத்தது சுமார் 2 டிகிரி 50 நிமிடம். அதற்குரிய வடக்கு தெற்குத் தூரம் 310 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வகுத்தால் டிகிரிக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர். வடக்கே போகப் போக இந்த நீளம் கூடுகிறது, அதாவது பூமி துருவங்களில் தட்டை.

இத்தனைக்கும் கோணம் துளி பிசகினால் எல்லாம் வீண். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மோதி நெளிந்தது. வேறு ஒருவராக இருந்தால் லண்டனுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார். இவரோ கூடாரத்துக்குள் அமர்ந்து, ஆறு வாரம் பாடுபட்டுத் தானே சீராக்கினார்.

பிறகும் வடக்கே அளந்துகொண்டே போனார். 1823 ஜனவரி 20 அன்று, எழுபது வயதளவில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் முகாமிலேயே இறந்தார். உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அதே கோட்டை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார்.