கணித மேதை இராமானுஜனும் பகா எண்களும்



நமது ஜமாஅத்தின் ஆண்டு மலரில் அறிஞர் ஒருவரின் வாழ்வை எழுதுவது வழக்கம். இவ்வாண்டு நாம் எழுத எடுத்துக்கொண்டவர் நம் சமுதாயத்தவர் அல்லர். எனினும் அவர் நடந்த திருவல்லிக்கேணித் தெருக்களும், கடற்கரைச் சாலையும், நோயோடு வந்து தங்கிய மயிலாப்பூர் இலஸ் சர்ச் சாலையும் நமக்கு அன்றாடம் பழகிய இடங்களே. அவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன் ஆவார்.

அவரை எழுத வேண்டுமென்ற எண்ணம் நமது மாலை நேர இலவச வகுப்பில் தோன்றியது. 97 என்னும் எண்ணின் காரணிகளைக் காண்க என்று மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்திருந்தோம். ஒரு சிறுவன் இரண்டு பக்கம் வகுத்து வகுத்துப் பார்த்துவிட்டு, தனக்குக் கணக்கு வரவில்லை என்று கண் கலங்கிச் சிலேட்டைத் திருப்பித் தந்தான். அவன் செய்த வகுத்தல்களில் ஒன்றிலும் பிழை இல்லை. 97 ஒரு பகா எண். ஒன்றும் அந்த எண்ணுமே அதன் காரணிகள், வேறு கிடையா. வேறு காரணி கிடைக்கவில்லை என்பதுதான் அக்கணக்கின் விடை. அதைத் தன் தோல்வியென்று அப்பிள்ளை எண்ணிவிட்டான்.

ஆனால், கிடைக்கவில்லை என்பது வேறு. இல்லவே இல்லை என்று உறுதியாகக் கூறுவது வேறு. 91 என்னும் எண்ணைப் பார்த்தால் அதுவும் பகா எண் போலவே தோன்றும். பொறுமையாகப் பார்த்தால் அது 7-ஐ 13-ஆல் பெருக்கக் கிடைப்பது என்பது புலப்படும். 97-க்கு 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஓர் எண் இரு காரணிகளின் பெருக்கமாயின் அவற்றுள் சிறியது அவ்வெண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 97-இன் வர்க்கமூலம் பத்துக்கும் குறைவு. ஆகவே அந்த நான்கும் மீதியின்றி வகுக்காவிடில் தேடலை நிறுத்திவிடலாம். இதை அச்சிறுவனுக்கு விளக்கிய பிறகே அவன் முகம் தெளிந்தது.

நம் முன்னோர்களும் இத்துறையில் உழைத்தவர்களே. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னு அல்-ஹைதம் அவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பகா எண்ணுக்குரிய ஒரு தனிப் பண்பைக் கையாண்டார்கள். 7-ஐ எடுத்துக்கொள்வோம். அதற்குக் கீழுள்ள ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 720. அதனோடு ஒன்றைக் கூட்டினால் 721. அது 7-ஆல் மீதியின்றி வகுபடும். பகா எண் எதுவாயினும் இவ்வாறே நிகழும். பகு எண்ணுக்கு நிகழாது. ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் இது வில்சன் என்பாரின் பெயரைப் பெற்றது.

இனி இராமானுஜனின் வாழ்வுக்கு வருவோம். 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாயாரின் பெற்றோர் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்தவர். பள்ளியில் முதன்மையாகத் தேறிய இராமானுஜன், பதினாறு வயதளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூலைப் பெற்றார். அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன. நிறுவல்கள் மிகச் சுருக்கம். அந்நூல் அவருக்கு ஆசானாகவும் அமைந்தது, ஒரு குறையையும் விட்டுச் சென்றது. முடிவை மட்டும் எழுதி, அதற்கு வந்த வழியை எழுதாமல் விடும் பழக்கம் அவருக்கு அதிலிருந்தே வந்ததெனக் கருதுவோர் பலர். நாமும் அவ்வாறே கருதுகிறோம்.

கல்லூரியில் அவர் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்தார். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இதனைச் சிலர் பெருமையாகப் பேசுவதுண்டு. பிள்ளைகள் இதைக் கேட்டு மற்றப் பாடங்களை விட்டுவிட வேண்டாம். அத்தோல்விகளால் அவர் பட்ட பாடு சிறிதன்று. 1909-இல் ஜானகி அம்மாளை மணந்த பின்னர், கணக்கெழுதிய குறிப்பேடுகளைக் கையில் ஏந்தி வேலைக்காக ஒவ்வொருவராகச் சென்று கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கிய இராமசாமி ஐயரும், நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவும் அவரது தகுதியை அறிந்து ஆதரித்தனர். 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். அலுவல் முடிந்தபின் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்களாம்.

1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அக்கடிதத்தின் அற்புதங்களையே எல்லோரும் எழுதுவர். அதிலிருந்த ஒரு தவற்றைப் பற்றி நாம் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

நூறுக்குக் கீழே 25 பகா எண்கள் உள்ளன. ஆயிரத்துக்குக் கீழே 168. பத்து இலட்சத்துக்குக் கீழே 78,498. எண்கள் வளர வளரப் பகா எண்கள் அருகிக்கொண்டே போகும். ஆனால் ஒருபோதும் தீர்ந்துவிடா. எந்த எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் என்பதை ஏறக்குறையத் துல்லியமாகக் கூறும் வாய்பாட்டைத் தாம் கண்டுவிட்டதாக இராமானுஜன் நம்பினார். சிறிய எல்லைகளுக்கு அவருடைய வாய்பாடு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தியது. ஆனால் அவர் எண்ணியவாறு எல்லா எண்களுக்கும் அந்தத் துல்லியம் நிலைக்காது. ஜெர்மானியரான ரீமான் 1859-இலேயே இவ்வழியில் வெகுதூரம் சென்றிருந்தார். பகா எண்களின் பரவலைத் தீர்மானிப்பது ஸீட்டா என்னும் சார்பு. அது சுழியாகும் இடங்களுள் சிக்கலெண்களும் உண்டு. அவற்றை இராமானுஜன் கணக்கில் கொள்ளவில்லை. சென்னையில் தனித்திருந்து படித்த அவருக்கு அவ்விஷயம் தெரிய வழியும் இல்லை. ஹார்டியின் நண்பரான லிட்டில்வுட் இக்குறையைக் கண்டுகொண்டார். ஹார்டி நிறுவலைக் கேட்டு எழுதினார்.

அதுவரை அவரைப் புரிந்துகொள்ள ஆளில்லாதிருந்தது. இப்போது புரிந்துகொண்டவர் முதன்முதலில் சுட்டியவற்றுள் ஒன்று பிழை. மனமுடைந்து போகத்தக்க நிலைதான் அது. அவரோ 1914 மார்ச் 17-ஆம் நாள் நெவாசா கப்பலில் ஏறி, அதே இருவரிடமும் கற்கச் சென்றார். பல இலட்சம் எண்கள் வரை சரியாக வந்தாலும் அது நிறுவலாகாது என்பதை லிட்டில்வுட்டே அவ்வாண்டில் பகா எண்களைக் கொண்டு மெய்ப்பித்திருந்தார். அதுவரை கணக்கிட்ட எல்லைகள் யாவற்றிலும் மதிப்பீட்டு வாய்பாடு ஒன்று உண்மை எண்ணிக்கையைவிட மிகுந்தே வந்தது. அது எண்ணிலடங்கா முறை மாறித் தாழவும் செய்யும் என்று அவர் நிறுவினார். பிற்காலத்தில் ஹார்டி, பகா எண்களில் இராமானுஜன் கண்ட தோல்வி ஒருவகையில் அவருடைய வெற்றிகளைவிட வியப்புக்குரியது என்ற கருத்தை எழுதி வைத்தார்.

கேம்பிரிட்ஜில் இராமானுஜன் பகா எண்ணுக்கு நேர் எதிரான எண்களை ஆராய்ந்தார். பகா எண்ணுக்குக் காரணிகள் இரண்டே. தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்கள் எவை? 12-க்கு ஆறு காரணிகள், 60-க்குப் பன்னிரண்டு, 120-க்குப் பதினாறு. காசையும் காலத்தையும் அறுபது அறுபதாகப் பகுத்த பழைய மக்களுக்கு இதன் பயன் தெரிந்திருந்தது. இத்தகைய எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1915-இல் வெளியாயிற்று. அதற்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. போர்க்காலத்தில் பணத்தட்டுப்பாட்டால் அச்சேறாது நின்ற அதன் பிற்பகுதி 1997-இல்தான் வெளிவந்தது. அவர் தம் கையால் கணித்த நீண்ட பட்டியலில் 29,331 கோடிக்கு மேற்பட்ட ஓர் எண் மட்டும் விடுபட்டுப் போயிற்று.

1917-இல் அவரும் ஹார்டியும் சேர்ந்து மற்றொரு கேள்விக்கு விடை கண்டனர். ஏதேனும் ஓர் எண்ணை எடுத்தால் அதற்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும்? பெரிய எண்ணுக்கு நிறைய இருக்கும் என்றே நாம் எண்ணுவோம். அவர்கள் கண்டதோ வேறு. பத்து இலக்க எண்ணுக்குப் பெரும்பாலும் மூன்றையொட்டியே இருக்கும். எண்பது இலக்கங்கள் கொண்ட எண்ணுக்கும் ஐந்தையொட்டியே வரும்.

அவ்வாண்டிலேயே அவர் நோயுற்றார். குளிரும், போர்க்காலத் தட்டுப்பாடும், மரக்கறி உணவு நோன்பும் அவரை வாட்டின. தம் கையால் சமைத்து உண்டார். பல வேளை சமைக்காமலும் இருந்தார். அயல்நாட்டில் ஹலால் உணவு தேடி அலைந்த நம் பிள்ளைகள் இந்தத் துன்பத்தை நன்கு அறிவர். காசநோய் என்றே அன்று மருத்துவம் பார்த்தனர். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்பது பின்னர் ஒரு மருத்துவர் ஆய்ந்து கூறிய கருத்து. இலண்டனையடுத்த பட்னியில் சிகிச்சை பெற்றபோதுதான், ஹார்டி வந்த வாடகை வண்டியின் 1729 என்ற எண்ணைப் பற்றிய பேச்சு நடந்தது. இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க எண்களில் மிகச் சிறியது அது என்று இராமானுஜன் உடனே கூறிய செய்தியைப் பலரும் அறிவர்.

அவ்வெண்ணுக்கு வேறொரு குணமும் உண்டு. பகா எண்களைச் சோதிக்கப் பழைய முறை ஒன்றுண்டு. 2-ஐ ஏழு தடவை பெருக்கி 2-ஐக் கழித்தால் 126. அது 7-ஆல் வகுபடும். எந்தப் பகா எண்ணும், எந்த எண்ணைக் கொண்டு தொடங்கினாலும், இச்சோதனையில் தேறும். ஆனால் 1729-உம் தேறிவிடும்! அது பகா எண் அன்று. 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கம். இத்தகைய வேடதாரி எண்களில் 561, 1105 ஆகியவற்றுக்கு அடுத்தது இதுவே. ஓர் எண் பகா எண்ணா என்பதை ஐயமற, விரைவாக அறியும் பொது வழியை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் கண்டனர். அம்முறை காரணி எதையும் கண்டுபிடிக்காமலேயே தீர்ப்புக் கூறிவிடும். காரணிகளைக் கண்டெடுப்பது இன்றும் கடினமே. இரு பெரும் பகா எண்களின் பெருக்கத்தைப் பிரிப்பதிலுள்ள அக்கடினத்தை நம்பியே கணினிவழிச் செய்திகளைப் பூட்டும் முறை ஒன்று 1977 முதல் இருந்து வருகிறது.

1918-இல் இராயல் சொசைட்டியும் டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தம் உறுப்பினராக ஏற்றன. சென்னைப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919 ஜனவரி 11-ஆம் நாள் மருத்துவமனையிலிருந்து அவர் பல்கலைக்கழகத்துக்கு விடையெழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோருக்கு ஐம்பது பவுன் கொடுத்துத் தம் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அனாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணக் குறைப்புக்கும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பு தடைப்படுவது என்னவென்று அறிந்தவரின் கடிதம் அது. நமது கல்வி உதவிக் குழுவினர் கூடியபோது இச்செய்தியை வாசித்துக் காட்டினோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை.

மார்ச் 27-ஆம் நாள் பம்பாயில் இறங்கிச் சென்னை வந்தார். இலஸ் சர்ச் சாலை இல்லத்தில் தங்கி மருத்துவம் பெற்றார். அவ்வாண்டில் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய சிறு கட்டுரை ஒன்று வந்தது. ஓர் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே பகா எண் ஒன்றாவது நிச்சயம் உண்டு என்பது ருஷ்யரான செபிஷெவ் முன்பே நிறுவியது. 20-க்கும் 40-க்கும் இடையே 23, 29, 31, 37 என நான்கு உள்ளமை காண்க. அதற்கு இராமானுஜன் இரண்டே பக்கங்களில் புதிய நிறுவல் கொடுத்தார். அத்துடன் எந்த எல்லைக்கு மேல் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பகா எண்கள் உறுதி என்பதையும் 11, 17, 29, 41 என வரையறுத்தார். ஆறாண்டுகளுக்கு முன் பகா எண்களில் தவறியவர் எழுதிய அந்த இரண்டு பக்கங்களில் குறை காண இடமில்லை. ஒவ்வொரு படியும் எழுதப்பட்டுள்ளது.

பின்னர்க் கொடுமுடிக்கும் கும்பகோணத்துக்கும் சென்றார். 1920 ஜனவரியில் சென்னைக்குத் திரும்பிய அவர், படுக்கையிலிருந்தவாறே கணக்கெழுதினார். ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது 32. ஐந்தாண்டுக்கென்று ஒதுக்கிய தொகையில் ஓராண்டும் சில நாள்களுமே கழிந்திருந்தன.

ஜானகி அம்மாளுக்குப் பல்கலைக்கழகம் மாதம் இருபது ரூபாய் ஓய்வூதியம் அளித்தது. அவர் தையல் கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்து வாழ்ந்தார். ஒரு பையனைத் தம் பிள்ளையாக வளர்த்துப் படிக்கவும் வைத்தார். 1994-இல் காலமானார்.