ஈஸ்ட்டை அரைத்துப் பார்த்தவர்!

பேக்கரியில் வாங்கும் பன், பஞ்சு போல மெத்தென்று இருக்கிறதல்லவா? அதற்குக் காரணம், ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவை வெளியிடும். அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. இதற்கு, நொதித்தல் என்று பெயர்.

ஈஸ்ட் உயிரோடு இருந்தால்தான் நொதித்தல் நடக்கும் என்று, பெரும் விஞ்ஞானியான லூயி பாஸ்டர் கூறியிருந்தார். உலகமும் அதை நம்பியது. அதை மாற்றிக் காட்டியவர், எடுவர்டு புக்னர்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில், 1860ம் ஆண்டு மே 20ம் தேதி பிறந்தார் புக்னர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அண்ணன் ஹான்ஸ்தான் படிக்க வைத்தார். ஆனாலும், பணக் கஷ்டத்தால் இடையில் படிப்பை நிறுத்தி, உணவுப் பொருட்களை டப்பாவில் அடைக்கும் தொழிலில் வேலை பார்த்தார். பின், மீண்டும் படித்து வேதியியல் பட்டம் பெற்றார்.

ஈஸ்ட் செல்லை உடைத்து, உள்ளே இருப்பதை ஆராய 1893ல் முயன்றார். அதனால் பயன் இல்லை என்று ஆய்வுக்கூட நிர்வாகிகள் நினைத்ததால், வேலை மூன்று ஆண்டுகள் நின்று போனது. புக்னர் மனம் தளரவில்லை.

1896ல் ஈஸ்ட்டோடு மணலைச் சேர்த்து நன்றாக அரைத்தார். துணியில் கட்டி, இயந்திரத்தால் அழுத்திச் சாறு எடுத்தார். சாறு சீக்கிரம் கெட்டுப் போனது. ஜாம் கெடாமலிருக்கச் சர்க்கரை போடுவது போல, அதிலும் சர்க்கரையைப் போட்டார்.

என்ன ஆச்சரியம்! சாறு குமிழி விட ஆரம்பித்தது. அதில் உயிருள்ள ஈஸ்ட் இல்லை. ஆனாலும் நொதித்தல் நடந்தது! சாற்றிலுள்ள என்சைமே காரணம் என்று கண்டு, அதற்கு, 'சைமேஸ்' என்று பெயரிட்டார். 1897ல் இதை வெளியிட்டபோது, பலர் நம்ப மறுத்தனர். கோபப்படாமல், மேலும் மேலும் சோதனை செய்து பதில் சொன்னார். 1907ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

முதல் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றியபோது, ருமேனியாவில் குண்டுச் சிதறல் பட்டு, 1917 ஆகஸ்ட் 13ம் தேதி, 57வது வயதில் இறந்தார்.

ஈஸ்ட் செல்லைச் சுற்றி, 'பாஸ்போலிப்பிட்' என்ற கொழுப்பாலான மெல்லிய சவ்வு உண்டு. ஈஸ்ட் மொட்டு விட்டு வளரும்போது, புதுச் சவ்வுக்கான கொழுப்பை, என்சைம்களே தயாரிக்கின்றன. செல்லுக்குள் நடக்கும் இத்தகைய வேலைகளை, செல்லுக்கு வெளியே எடுத்தும் ஆராயலாம் என்று வழிகாட்டியது, புக்னர் அரைத்தெடுத்த அந்தச் சாறுதான்!